எல்லாருக்கும் என்றால் விசுவாசம் ஏன்? ஆயாவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பெண் கேட்டிருந்த கேள்வி இது. அவருடைய அண்ணன் சில வருடங்களுக்கு முன் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார். போன வருடம் அவர்களுடைய ஆயா, அதாவது பாட்டி, காலமானார். பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார், படையல் பக்கம் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இரட்சிப்பு எல்லாருக்கும் இலவசம், ஆனா ஆயா விசுவாசிக்கலையே" என்றாராம். அந்தப் பெண் கேட்பது: "இலவசம் என்கிறார்கள், அப்புறம் விசுவாசித்தால்தான் என்கிறார்கள். அப்படியானால் விசுவாசமும் ஒரு கட்டணம்தானே? இது கிறிஸ்தவம் சொல்வதா, அண்ணனுடைய சபை மட்டும் சொல்வதா?"

ஒரே கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. 'எல்லாருக்கும்' என்பதும் 'விசுவாசத்தினால்' என்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவா என்பது ஒன்று. ஆயாவின் கதி என்ன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிறிஸ்தவ சபைகள் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லும். இரண்டாவதில் அவை ஆதியிலிருந்தே ஒத்துப்போனதில்லை. உங்கள் அண்ணன் இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்கிறார், உங்கள் வீட்டுச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் குவாசுலு-நட்டாலில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவன். இறையியல் மாணவர்களுக்குக் கோட்பாடுகளின் வரலாற்றை நடத்தியிருக்கிறேன். பெந்தெகொஸ்தே சபைகளை வெளியே நின்று பார்த்தவன்தான், உள்ளே வளர்ந்தவனில்லை. நான் சொல்வதில் அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர் யாரும் தன் நன்மையால் கடவுளிடம் சேர முடியாது, கடவுளே முதல் அடி எடுத்து வைத்தார், அந்த அடி இன்னாருக்கு மட்டும் என்று வைக்கப்படவில்லை. ரோமன் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று யாரைக் கேட்டாலும் இதில் பெரிய வேறுபாடு இருக்காது. "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது. தீத்துவுக்கு எழுதியதிலும் "எல்லா மனுஷருக்கும்" என்றே வருகிறது. உங்கள் அண்ணனுக்கு மனப்பாடமாக இருக்கக்கூடிய யோவான் 3:16 'உலகத்தில்' அன்புகூர்ந்தார் என்றுதான் சொல்கிறது. சபையில் அன்புகூர்ந்தார் என்றில்லை. அதே வசனத்தில்தான் "விசுவாசிக்கிறவன் எவனோ" என்பதும் இருக்கிறது. ஆக, இரண்டையும் சேர்த்துச் சொல்வது அண்ணனுடைய சபையின் கண்டுபிடிப்பு இல்லை. அந்த மட்டில் அவர் சொன்னது சரி.

ஆனால் 'விசுவாசத்தினால்' என்ற சொற்றொடர் எந்தச் சண்டையில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் யூதர்கள். யூதரல்லாதவர்கள் சேர வந்தபோது, இவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் சேர்க்கலாம் என்று ஒரு கூட்டம் வாதாடியது. ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் கூடி இதைப் பேசித் தீர்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் அந்தக் கூட்டத்தின் விவரம் இருக்கிறது. அவர்கள் எப்படி கிருபையினால் இரட்சிக்கப்படுகிறார்களோ அப்படித்தான் நாமும் என்று பேதுரு அங்கே சொல்கிறார். யார் யாரைப் போல என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்தவர் தன்னை வெளியே இருந்தவரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். பவுல் பிறகு ரோமருக்கு எழுதும்போது, விசுவாசிக்கிற எவர்கள்மேலும் அது பலிக்கும், "வித்தியாசமே இல்லை" என்று முடிக்கிறார். பிறப்பு வேண்டாம், இனம் வேண்டாம், சடங்கு வேண்டாம், விசுவாசம் போதும் என்பதுதான் அந்தப் பேச்சின் போக்கு. வாசலை அகலமாக்க எழுதிய சொல் அது. இரண்டாயிரம் வருடம் கழித்து, பதினாறாம் நாள் வீட்டில் அதே சொல் ஒருவரை வெளியே நிறுத்தப் பயன்படுகிறது. சொன்னவர் தவறான வசனத்தை எடுக்கவில்லை, வசனத்தின் முகத்தைத் திருப்பிவிட்டார்.

கட்டணம் என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது கூர்மையான வாதம். பவுலுக்கும் அது தெரிந்தே இருந்தது. ரோமர் 4இல் அவர் சொல்வது: வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக எண்ணப்படாது, கடனாக எண்ணப்படும். கரும்புத் தோட்டத்தில் மாதம் பத்து ஷில்லிங்குக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கூலிக்கும் ஈவுக்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கூலி என்றால் அங்கே கணக்கு உண்டு, மேஸ்திரி உண்டு, வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் உண்டு. பவுல் இந்தக் கணக்குப் புத்தகத்தையே மூடிவிடுகிறார். மத்தேயு 20இல் இயேசு சொல்லும் திராட்சத்தோட்டக் கதை இன்னும் ஒரு படி மேலே போகும். விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிவாக்கில் வந்தவனுக்கும் ஒரே பணம். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அந்த முறுமுறுப்பு நியாயமாகத்தான் படும், தோட்டத்தில் நின்றிருந்தால் நானும் முறுமுறுத்திருப்பேன். கதையின் கொக்கி அதுதான்: நெடுநாள் விசுவாசிகளுக்குத்தான் இந்த இலவசம் கசக்கும்.

சரி, கூலி இல்லை. ஆனாலும் விசுவாசிக்க வேண்டியது நான்தானே, அது என் பங்கில் ஒரு செயல்தானே என்று நீங்கள் விடாமல் கேட்கலாம். நம் வைணவப் பெரியவர்கள் இதே கேள்வியை வைத்து வடகலை, தென்கலை என்று பிரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்; பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்வித் தூக்கிப் போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்பார்கள். கிறிஸ்தவத்திலும் இதேபோல இரண்டு பக்கமும் ஆள் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியு என்பவர், கடவுளின் கட்டளையை நிறைவேற்ற மனிதருக்கே சக்தி உண்டு என்ற அளவுக்குப் போனார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் அதை மறுத்தார். 418இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. 529இல் இன்றைய பிரான்சிலுள்ள ஓரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் நுணுக்கமாக, விசுவாசிக்கத் தொடங்கும் அந்த முதல் ஆசைகூட கிருபையின் வேலைதான் என்றது. அதாவது விசுவாசத்தையே கட்டணமாக்கும் வழியை மேற்கத்திய சபை அப்போதே அடைத்துவிட்டது. எபேசியரில் "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று வருவதை அவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

இங்கே ஒரு புதிய முடிச்சு விழுகிறது. விசுவாசமும் கடவுள் தருவதுதான் என்றால், அதை ஏன் எல்லாருக்கும் தரவில்லை? இதற்குக் கால்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழியில் வந்தவர்கள் ஒரு பதில் சொன்னார்கள்: கடவுள் சிலரைத் தெரிந்துகொண்டார். ஆர்மீனியு என்ற டச்சு இறையியலாளரின் சீடர்கள் அதை ஏற்காமல், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், மறுக்கும் சுதந்தரம் மனிதருக்கு உண்டு என்று 1610இல் எழுதிக் கொடுத்தார்கள். 1618, 1619இல் டோர்ட் நகரில் கூடிய டச்சு சங்கம் ஆர்மீனியுவின் சீடர்களுக்கு எதிராகத் தீர்த்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலும், கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதின் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமானது என்ற வாக்கியம் இருக்கிறது. யாருக்கு அது பலன் தருகிறது என்பதில்தான் வேறுபாடு. இந்த நாட்டின் கேப் பகுதிக்கு 1652இல் வந்து இறங்கிய டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது இந்த டோர்ட் சபையைத்தான். நட்டாலில் தமிழ்த் தொழிலாளிகளிடம் வந்த ஊழியம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1862இல் இங்கே வந்த ரால்ஃப் ஸ்டாட், இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்ற வெஸ்லியன் மெதடிஸ்ட். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1739இலேயே, கிருபை எல்லாருக்கும், எல்லாரிலும் இலவசம் என்று பிரசங்கித்து, கால்வின் பக்கம் நின்ற தன் நண்பர் வைட்ஃபீல்டோடு மனத்தாங்கல் கொண்டவர். பெந்தெகொஸ்தே சபைகளும் பெரும்பாலும் இந்த வெஸ்லி வேரிலிருந்து கிளைத்தவைதான். அதனால் "எல்லாருக்கும் இலவசம்" என்று உங்கள் அண்ணன் வாயில் வரும் சொல்லுக்கு ஒரு பரம்பரை உண்டு. வெஸ்லியின் சொல்லை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், வெஸ்லி அதைச் சொன்ன தொனியையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

லுத்தர் 1517இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதும், கத்தோலிக்கர் 1547இல் திரெந்து சங்கத்தில் பதில் சொன்னதும் பெரிய கதை. உங்கள் கேள்விக்கு அதில் தேவையானது கொஞ்சம்தான்: விசுவாசம் மட்டுமா, விசுவாசத்தோடு அன்பின் செயல்களுமா என்று நாலரை நூற்றாண்டு மல்லுக்கட்டிய பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மெதடிஸ்ட் சபைகள் 2006இல் அதோடு இணைந்தன, பின்னால் ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிப்படையில் உடன்பாடு உண்டு.

விசுவாசம் என்றால் என்ன என்பதிலும் ஒரு பொதுத் தவறு நடமாடுகிறது. 'இயேசு தேவகுமாரன்' என்ற வாக்கியத்துக்கு ஆமாம் போடுவதுதான் விசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவுக்கு மட்டும் என்றால் பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதிய நிருபமே கேலியாகச் சொல்கிறது. வேதம் சொல்லும் விசுவாசம், ஒருவர்மேல் முழு பாரத்தையும் வைத்துவிடுவது. அதில் தடுமாற்றத்துக்கும் இடம் உண்டு. மாற்கு 9இல் பிள்ளைக்கு நோய் தீர வேண்டி வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். அவனுடைய பிள்ளை குணமாகிறது. கட்டணமாக இருந்திருந்தால், பாதிப் பணம் கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 'எல்லாருக்கும்' என்று வாயால் சொல்லிவிட்டு மேசையைப் பிரித்துப் போட்ட வழக்கம் சபைகளுக்கு உண்டு. 1857இல் கேப்பில் டச்சு சீர்திருத்த சபையின் மாமன்றம், வெள்ளையரும் மற்றவரும் ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒத்துக்கொண்டு, 'சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு' தனித்தனியாகக் கூடலாம் என்று அனுமதித்தது. 1881இல் தனி மிஷன் சபையே வந்துவிட்டது. பலவீனத்துக்காகத் தந்த விலக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் போல ஆகி, கடைசியில் இனஒதுக்கலுக்கு வேத நியாயமாகப் போய் நின்றது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை இறையியல்படி நியாயப்படுத்துவது கள்ள உபதேசம் என்று அறிவித்தது. அந்த மிஷன் சபை அதே வருடம் எழுதிய பெல்ஹார் அறிக்கையை 1986இல் தன் விசுவாச அறிக்கையாகவே ஏற்றது. இதை வெள்ளைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம். தஞ்சாவூர், தரங்கம்பாடி பக்கத்து நம்முடைய சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்து, நற்கருணைப் பாத்திரத்திலும் முன்பின் பார்த்தவர்கள் தமிழர்கள்தான். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதிப் பாகுபாட்டை விடச் சொல்லி உத்தரவு போட்டபோது சபையை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று சபை உறுதியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயம் வருவதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

இனி ஆயா. இங்கே நிச்சயமான தரை முடிகிறது.

கேள்விப்படாதவர்கள், கேள்விப்பட்டும் தங்கள் முன்னோர் வழியிலேயே நேர்மையாக வாழ்ந்து போனவர்கள், இவர்களைப் பற்றி கிறிஸ்தவர்கள் சொல்வது ஒரே மாதிரி இல்லை. ஒரு சாரார் உங்கள் அண்ணனைப் போலவே சொல்வார்கள், அவர்களிடம் வசனம் இல்லாமல் இல்லை. "அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்று அப்போஸ்தலர் 4:12 இருக்கிறது. கேள்விப்படாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10 கேட்கிறது. என் சொந்த சபையின் கோட்பாட்டுத் தொகுப்பான 39 கட்டளைகளில் 18ஆவதே, அவரவர் தங்கள் மார்க்கத்தின்படி நடந்தால் அந்த மார்க்கத்தாலேயே இரட்சிக்கப்படுவார்கள் என்று சொல்கிறவர்களைக் கண்டிக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதலாக மட்டும் பேசினால் நான் பொய்க்காரன்.

இன்னொரு சாரார், இரட்சிக்கிறவர் கிறிஸ்துதான், ஆனால் அவர் யாரை இரட்சிக்கிறார் என்பது அவரை அறிந்தவர்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிடாது என்பார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஞானி சாக்ரடீசையும் அந்த வட்டத்துக்குள் வைத்துப் பேசினார். சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டு முதல் சொல்லிவந்த ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையே, அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்ட பாஸ்டன் குருவான லெனார்ட் ஃபீனியின் விளக்கத்தை 1949இல் ரோமிலிருந்து கடிதம் போட்டு மறுத்தது. கீழ்ப்படியாததற்காக 1953இல் அவரைச் சபையை விட்டும் நீக்கியது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றம் இல்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடித் தங்கள் மனசாட்சியின்படி வாழ முயன்றால், அவர்களும் நித்திய இரட்சிப்பை அடையலாம் என்று வெளிப்படையாகவே எழுதியது. 'அடையலாம்' என்றுதான் எழுதியது, 'அடைவார்கள்' என்று எழுதவில்லை. இவர்களுக்கும் அப்பால், கடைசியில் எல்லாருமே மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர்களும் இருந்திருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் நிசாவூர் கிரகோரி அப்படி நினைத்தவர், அவர் இன்றும் புனிதராகவே மதிக்கப்படுகிறார். அவருக்கு முன்னோடியான ஓரிகனின் பெயரில் ஓடிய அதே போன்ற போதனை 553இல் கண்டிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கடைசி நிலையை சபையின் போதனை என்று உங்களிடம் என்னால் தர முடியாது. அது சிலருடைய நம்பிக்கை.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டாவது சாராரோடு. காரணம் அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம். கொர்நேலியு ரோம ராணுவ அதிகாரி, யூதன் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. அவனுடைய ஜெபமும் தானமும் கடவுளிடம் எட்டிவிட்டன என்று தூதன் சொல்கிறான். பேதுரு அவன் வீட்டுக்குள் நுழைந்து, "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று, தான் அதுவரை நினைத்திருந்ததைத் திருத்திக்கொள்கிறார். உங்கள் அண்ணன் உடனே, அப்புறம் பேதுரு பிரசங்கித்து கொர்நேலியு ஞானஸ்நானம் எடுத்தானே என்பார். சரியான மறுப்பு அது, நான் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எபிரெயர் 11இல் விசுவாசிகள் என்று வரிசையாகச் சொல்லப்படும் ஆபிரகாமும் எரிகோவின் ராகாபும் இயேசு என்ற பெயரையே கேட்டிராதவர்கள். அவர்கள் விசுவாசத்தினால்தான் ஏற்கப்பட்டார்கள் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. எனவே விசுவாசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்குள் அது இருந்ததா இல்லையா என்பதை வெளியே நின்று நாம் அளக்க முடியாது என்கிறேன். உங்கள் ஆயா விடியற்காலையில் விளக்கேற்றி யாரிடம் எதைச் சொன்னார் என்பது அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கு நேரடியாகப் பொருந்தும் இடம் ஒன்று சுவிசேஷத்திலேயே உண்டு, பிரசங்கங்களில் அதிகம் கேட்க மாட்டீர்கள். லூக்கா 13இல் ஒருவன் இயேசுவிடம், "ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்கிறான். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாக உள்ளே போக நீங்கள் பிரயாசப்படுங்கள் என்று கேள்வியைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். தொடர்ந்து, கிழக்கிலும் மேற்கிலுமிருந்து ஜனங்கள் வந்து பந்தியிருப்பார்கள், உள்ளே இருக்கிறோம் என்று நினைத்தவர்களில் சிலர் வெளியே நிற்பார்கள் என்கிறார். பவுலும் கொரிந்தியருக்கு, புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்கிறது என் காரியமா என்று எழுதுகிறார். ஒருவர் இறந்தபின் இன்ன இடத்தில்தான் இருக்கிறார் என்று பெயர் சொல்லித் தீர்க்கும் அதிகாரத்தை எந்த சபையும் தன் விசுவாசிகளுக்குக் கொடுத்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் உறுதியாகவே பேசுவேன்: 'கிறிஸ்து இல்லாமல் இரட்சிப்பு இல்லை' என்பது கோட்பாடு, 'ஆயா நரகத்தில்' என்பது கோட்பாடு இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அண்ணன் தாவியது அவருடைய சொந்தத் தாவல்.

அண்ணனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1930களில் ரோலண்ட்ஸ் போதகரின் பெத்தெஸ்தா என்ற எழுப்புதல் இயக்கத்திலிருந்து தொடங்கி, நம்மவர்களிடையே பெந்தெகொஸ்தே சபைகள் பரவியதற்குக் காரணங்கள் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வசிப்பிடச் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் கொண்டுவந்து போடப்பட்ட குடும்பங்களுக்கு, பெயர் சொல்லி ஜெபிக்கவும் நோயில் வந்து உட்காரவும் ஆள் கிடைத்த இடம் பல தெருக்களில் அந்தச் சபைகளின் கூடாரங்கள்தான். குடி விட்டவர்களை, கைநீட்டுவதை விட்ட புருஷன்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். அப்படி வாழ்க்கை புரண்டவர்களுக்கு 'முன்பு இருள், இப்போது வெளிச்சம்' என்ற பேச்சு வெறும் கோட்பாடாக இருக்காது, அனுபவமாக இருக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், தன் பழைய இருளை அவர்கள் வீட்டார் எல்லார்மேலும் பூசிவிடுகிறார்கள். நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். புனித வெள்ளி, ஈஸ்டர் நாட்களில்தான் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். தோட்டக்காலத்தில் அந்த நாட்களில்தான் விடுமுறை கிடைத்தது, அதனால் திருவிழா அங்கே போய் உட்கார்ந்தது என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். ஒரே குடும்பத்தில் பாதி பேர் சிலுவைப் பாட்டு பாட, பாதி பேர் மஞ்சள் கட்டிக்கொண்டு போவார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் அந்த நாளில் ஒரு பக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும், அப்படி விடும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அண்ணன் வாசலில் நின்றது ஆயாமேல் வெறுப்பினால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயா இல்லாத துக்கமும், தான் நம்புவதற்குத் துரோகம் செய்யக் கூடாதே என்ற பதற்றமும் சேர்ந்து அவரை அங்கே நிறுத்தியிருக்கலாம்.

படையல் விஷயத்தில் அவரிடம் பேச வேண்டுமென்றால் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரை உள்ள அதிகாரங்களைச் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று தெரிந்தால் சாப்பிட வேண்டாம் என்று பவுல் அங்கே சொல்கிறார், ஆகவே அண்ணன் இலையில் கை வைக்காததற்கு இடம் இருக்கிறது. அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம் என்பதும் அதே 10ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. போவதையும் உட்காருவதையும் பவுல் தடுக்கவில்லை. வருட திதிக்கு அவரைக் கூப்பிடுங்கள். பூஜையில் நிற்கச் சொல்ல வேண்டாம், படைத்ததைச் சாப்பிடச் சொல்லவும் வேண்டாம். சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு தனியாகச் சமைத்து, அதை இலையில் போடும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். அதற்கு எந்த பாஸ்டரும் வசனம் காட்டித் தடை சொல்ல முடியாது. சொன்னால், எந்த வசனம் என்று கேட்டு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.